மூணாம் நம்பர் ஜாடி

பரவாயில்ல தங்கச்சி, மடியிலேயே இருக்கட்டும். மேல வெச்சா பஸ் திரும்புறப்ப உருளும், கீழ வெச்சா யாராவது காலால இடிப்பாங்க. ஜொகூர் செக்பாயிண்ட்ல அந்த ஆபீசரும் கேட்டாரு, பெட்டிக்குள்ள என்ன, ஏன் இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கேன்னு. திறந்து காட்டினேன். ஒரு காலி ஜாடி, ஒரு பழைய துண்டு, மருந்துக்கடைப் பஞ்சுக்குச்சி ஒரு பாக்கெட், நாலு சின்னக் குப்பி. என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்கன்னுட்டாரு.

நீங்களும் ஈப்போவுக்குத்தானா? நல்லது, நேரம் இருக்கு. நான் போறது ஆராய்ச்சி விஷயமா. என் வீட்டுக்காரி அங்க அவ கூடப்பிறந்தவ வீட்டுல இருக்கா, அது வேற விஷயம். முன்னாடியே சொல்லிடுறேன், பின்னாடி நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

நான் வீட்டுல பீர் காய்ச்சுறவன். அப்படிப் பார்க்காதீங்க, குடிகாரன் இல்ல. வாரத்துக்கு ரெண்டு கிளாஸ், அதுவும் ருசி பார்த்து நோட்டுல எழுதுறதுக்கு. சிங்கப்பூர்ல சொந்தத் தேவைக்கு அளவோட காய்ச்சிக்கலாம், விக்கத்தான் கூடாது. முப்பத்தோரு வருஷம் பாலிடெக்னிக்ல நுண்ணுயிர் லேப்ல அசிஸ்டண்ட்டா இருந்தேன். பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கிட்ட எத்தனையோ பேருக்கு மைக்ராஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லிக் கொடுத்தவன் இந்தச் சிதம்பரநாதன். ஓய்வு வாங்கினதும் வீட்டுல சும்மா உக்கார முடியல. பரிமளத்துக்கும், அதான் என் வீட்டுக்காரிக்கும், நான் சும்மா உக்கார்ந்தது பிடிக்கல. மிளகாய்த்தூள் டப்பாவெல்லாம் தேதி வாரியா அடுக்கி வெச்சேன், அதுலேருந்து.

பீரை மனுஷன் பண்றதில்ல தங்கச்சி. ஈஸ்ட் பண்ணுது. நாம முளைகட்டின பார்லியை வெந்நீர்ல போட்டு இனிப்பை இறக்கி, கொதிக்க வெச்சு ஆற வைக்கிறோம், அவ்வளவுதான். சமையல்காரன் ஈஸ்ட். நாம பாத்திரம் கழுவுற ஆளு. அந்த ஈஸ்ட்ல நெல்லு மாதிரி ஆயிரம் ரகம் இருக்கு. ஒரே பார்லித் தண்ணியில ரகத்தை மாத்திப் போட்டா ருசியே மாறும். எந்த ரகம் நம்ம ஊர் வெக்கைக்கு ஒத்து வரும்னு ஒழுங்கா யாரும் ஒப்பிட்டுப் பார்க்கல. எங்க பீர் கிளப்ல எல்லாரும் கம்ப்யூட்டர்காரப் பசங்க. பாக்கெட்டை வாங்குவாங்க, கொட்டுவாங்க, நல்லா இருக்குன்னுவாங்க. அறிவியல் இல்ல.

நான் நாலு ரகம் எடுத்தேன். இங்கிலாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், அமெரிக்கா. நாலு கண்ணாடி ஜாடி, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் ஒட்டி ஐஸ்பெட்டியில ரெண்டாவது தட்டு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வெளியில எடுத்து ஆளுக்கு அம்பது மில்லி புதுப் பார்லித் தண்ணி, நுரை கட்டினதும் திரும்ப உள்ள. வாசனை, நுரை, வேகம், அடியில படியிற விதம், எல்லாத்துக்கும் பத்துக்கு மார்க்கு. ரெண்டாவது தட்டுலதான் முன்னாடி பரிமளத்தோட ஆப்பமாவு ஜாடி இருந்துச்சு. அதை அடுப்புப் பக்கம் தள்ளி வெச்சுட்டேன். வெளியில இருந்தா சீக்கிரம் புளிக்கும், தினம் கவனிக்கணும்னு சொன்னா. கவனிச்சுக்கோன்னேன்.

அந்த ஜாடி அவ பத்தொம்பது வருஷமாக் காலியாக விடாத ஜாடி. அரிசிமாவு, தேங்காய்த் தண்ணி, ஒரு பிடி சோறு. ஆப்பம் சுட்டது போக அடியில ஒரு கை மாவு மிச்சம் வெப்பா, அதுல புது மாவைக் கலப்பா. கரண்டி போட மாட்டா, கையாலதான். கரண்டி பட்டா எழும்பாதாம். லேப்ல இருந்தவன் வீட்டுல இப்படி ஒரு பேச்சு. எத்தனையோ தடவை கையுறை வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கிட்டுக் கழிவறை கழுவுவா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷக் கடைசியில என் கால் உடைஞ்சுது. பார்லித் தண்ணி கீழ கொட்டிடுச்சு, பரிமளம் துடைச்சுடுங்கன்னு சொன்னா, நான் எவ்வளவு கொட்டிச்சுன்னு குறிப்பெழுதிட்டுத் துடைக்கலாம்னு திரும்பினேன், வழுக்கிடுச்சு. அஞ்சு வாரம் கட்டு. ஹால்ல நாற்காலி, எதிர்ல ஸ்டூல் மேல கால். குளிக்க வைக்கிறது, மாத்திரை, சாப்பாடு, எல்லாம் அவ பார்த்துக்கிட்டா, அது வேற விஷயம். எனக்குக் கவலை ஜாடிங்க மேல. ஞாயித்துக்கிழமை யார் கவனிக்கிறது?

அவளையே பழக்கினேன். இங்கேருந்து நான் சொல்லுவேன், அங்க அடுப்படியில அவ செய்வா. மூடியைத் திற, மோந்து பாரு, என்ன வாசனைன்னு சொல்லு. ஒண்ணு ஊறின பிஸ்கட்டு மாதிரின்னா. ரெண்டு ஒண்ணுமே இல்லன்னா. நாலு ஆரஞ்சுத் தோலு. மூணைத் திறந்துட்டு, ரப்பர் எரியிற மாதிரி இருக்குங்க, இது உடம்புக்கு ஆகாத வாசனைங்கன்னு சொன்னா. நான் சிரிச்சேன். அது பெல்ஜியம் குணம், உனக்கு விளங்காதுன்னு சொல்லி, அந்த வாசனையைக் கொடுக்குற பெனால்ங்கற ரசாயனம் என்னன்னு முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். கையில துணியோட நின்னு முழுசும் கேட்டா. கேக்குறதுல குறை சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு மூணு எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்குங்கன்னா. கழுவுற தொட்டியைப் பார்த்துக்கிட்டே சொன்னா. என்ன வாசனைன்னு கேட்டேன். பழுத்த வாழைப்பழம், கொஞ்சம் கிராம்புன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரே வாரத்துல இப்படித் திரும்புதுன்னா என்ன அர்த்தம்? பெல்ஜியம்காரன் நம்ம வெக்கைக்குப் பழகிட்டான்னு அர்த்தம். கட்டோட நொண்டிப் போய் மைக்ராஸ்கோப்பை எடுத்துப் பார்த்தேன். செல்லு முன்னைவிட நீளமா, மெலிஞ்சு இருந்துச்சு. உஷ்ணத்துல உடம்பு இளைச்சிருக்குன்னு எழுதி வெச்சேன். பதினாலாம் பக்கம். இன்னும் இருக்கு.

கட்டைப் பிரிச்சதும் நாலு ரகத்துலயும் ஒரே நாள், ஒரே பார்லி, ஒரே தண்ணி, நாலு தடவை காய்ச்சினேன். கிளப்புல டெரன்ஸ்னு ஒருத்தர், அவர்தான் தலைவர். அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, எது எந்த ரகம்னு தெரியாம நாலு நிறப் பொட்டு ஒட்டின கிளாஸ்ல ஊத்திக் கொடுத்தேன். ஒம்பது பேர்ல ஏழு பேர் மூணாம் நம்பரைக் கைகாட்டினாங்க. முதல்ல வாழைப்பழம், நடுவுல கிராம்பு, விழுங்கினப்புறம் தொண்டையில ஒரு சின்னப் புளிப்பு. அந்தப் புளிப்புதான் தங்கச்சி திரும்பக் கிளாஸை எடுக்க வைக்கும். பரிமளம் குடிக்க மாட்டா. மோந்து மட்டும் பார்த்தா. பார்த்துட்டுச் சிரிச்சா. ஏன்னு கேட்டேன். ஒண்ணுமில்லங்க, தெரிஞ்ச வாசனையா இருக்குன்னா. நான் அதைக்கூட எழுதல.

டெரன்ஸ் அந்த பாட்டிலை கிளப்போட போட்டிக்கு அனுப்பச் சொன்னாரு. முதல் பரிசு, ஒரு கேடயம். மேடையில கூப்பிட்டாங்க, இருபது நிமிஷம் பேசினேன், படம் போட்டு விளக்கினேன். பதினெட்டு மாச உழைப்பு, ஒரு வெளிநாட்டு ரகம் நம்ம சீதோஷ்ணத்துக்கு எப்படி மாறுதுன்னு கண்ணால பார்த்த முதல் ஆளு நான்னு சொன்னேன். அந்த ரகத்துக்குப் பேரும் வெச்சேன். சிதம்பரம் மூணு. கைத்தட்டல் அடங்க நேரமாச்சு. பரிமளம் கடைசி வரிசையில பச்சைப் புடவையில உக்கார்ந்திருந்தா. பேச்சுல அவ பேரைச் சொல்லலன்னு நீங்க நினைப்பீங்க. ஆராய்ச்சியில யார் ஜாடியைத் திறந்து மூடினாங்கன்னு சொல்ற வழக்கம் இல்ல. நான் முப்பத்தோரு வருஷம் திறந்து மூடினேன், எந்த டாக்டரும் என் பேரைச் சொன்னதில்ல. அது ரொம்ப நாள் எனக்கு உறுத்தினது, அது வேற விஷயம்.

திரும்பி வர்றப்ப எம்ஆர்டி ரயில்ல எனக்குப் பக்கத்துல உக்கார்ந்து, கேடயத்தை மடியில வாங்கி வெச்சுக்கிட்டுச் சொன்னா.

"என்னங்க, கோவிச்சுக்கக் கூடாது. அந்த மூணாம் நம்பரு அப்பவே செத்துப்போச்சு. மேல கறுப்பாப் பூத்திருந்துச்சு. ஜாடியைக் கொதிக்கிற தண்ணியில கழுவிட்டு, நம்ம ஆப்பமாவுத் தெளிவை ஒரு கை அள்ளி ஊத்தி உங்க பார்லித் தண்ணியை விட்டேன்."

நான் எந்த ஸ்டேஷன்னு வெளியில பார்த்தேன்.

"காலு உடைஞ்சு கிடந்தீங்க. காலையில கண்ணு முழிச்சா முதல் கேள்வி ஜாடி எப்படி இருக்குன்னுதான். செத்துடுச்சுன்னு எப்படிங்க சொல்றது? அந்த அஞ்சு வாரத்துல நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளும் கேக்கல நீங்க. அதுக்குக்கூட நான் வருத்தப்படல. இன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி அதுக்கு உங்க பேருன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நீங்களே சொல்லுங்க. சாப்பிட்டாளா இல்லையாங்கறதுக்கும் நுண்ணுயிருக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். எந்தத் தேதியில ஊத்தினே? எத்தனை மில்லி? அவ இறங்குற வரைக்கும் கேடயத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

மறுநாள் காலையில அவ காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தா. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. தங்கச்சி, லேப்ல ஒரு விதி உண்டு. ஒரு இடத்துல வேண்டாதது கலந்துடுச்சுன்னா யோசிக்கக் கூடாது, எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்ப ஆரம்பிக்கணும். நாலு ஜாடியையும் கொட்டினேன். வீட்டுல மிச்சம் இருந்த ஏழு பாட்டில் மூணாம் நம்பரையும் தொட்டியில ஊத்தினேன். அடுப்பு மேடை, அலமாரி, வடிகட்டி, எல்லாத்தையும் பிளீச் போட்டுத் துடைச்சேன். கலப்படம் எங்கேருந்து வந்துச்சு? அடுப்புப் பக்கத்து ஜாடியிலேருந்து. அதையும் கொட்டிட்டு பிளீச் தண்ணியில முக்கி வெச்சேன். முறைப்படி பார்த்தா அதுதான் முதல்ல செய்யவேண்டிய வேலை. இன்னிக்கு எந்த லேப்ல கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க.

அவ வந்தா. கீரைக்கட்டைக் கீழ வெச்சா. ஜாடியை வெளியில எடுத்து மூணு தடவை கழுவினா, துடைச்சா, தட்டுல கவுத்து வெச்சா. சத்தம் போடல. போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"இப்ப வீடு சுத்தமா இருக்குங்க"ன்னா. உள்ள போய்த் துணியை எடுத்து வெச்சா. மத்தியான பஸ்ல ஈப்போவுக்குப் போயிட்டா. கீரையை நான்தான் ஆய்ஞ்சேன்.

இன்னியோட இருபத்தாறு நாள். எண்ணிக்கிட்டு இல்ல, புது ஜாடிங்கள்ல தேதி ஒட்டியிருக்கேன், அதனால தெரியும். ஆமா, புதுசா ஆரம்பிச்சேன். டெரன்ஸ் போன் மேல போன். ரெண்டு மாசத்துல பெரிய போட்டி, சிதம்பரம் மூணு வேணும்ங்கறாரு. ரகம் ஓய்வுல இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொய்யில்ல, தொட்டிக்குழாய்க்குள்ள எங்கயோ ஓய்வுலதான் இருக்கும். சரி, ஆப்பமாவுதானே, அதை நாமே எழுப்ப முடியாதான்னு பன்னெண்டு ஜாடி வெச்சேன். அதே அரிசி, அதே கடைத் தேங்காய். ஒண்ணுல சோறு அதிகம், ஒண்ணுல கம்மி. மூணு ஜாடி வெயில்ல, மூணு ஜாடி இருட்டுல, மூணு அடுப்புப் பக்கம், மூணு ஐஸ்பெட்டி மேல. கையுறை போட்டு, கொதிக்க வெச்ச கரண்டியால கலக்கினேன். நாலு ஜாடி பூஞ்சை. அஞ்சு ஜாடி எழும்பவே இல்ல. மிச்ச மூணும் எழும்புச்சு, ஆனா அது இல்ல. அந்த வாசனை இல்ல. ஒண்ணை எடுத்து ஆப்பம் ஊத்திப் பார்த்தேன், தோசைக்கல்லு மாதிரி கெட்டியா வந்துச்சு. உக்கார்ந்து தின்னேன். வீட்டுல வேற யாரும் இல்ல.

போன புதன்கிழமை கொழுந்தியாவுக்குப் போன் போட்டேன். விசாலம்னு பேரு. தீபாவளிக்கு அக்கா கொடுத்த மாவு கொஞ்சம் இருக்குமேன்னு கேட்டேன். அது அப்பவே வீணாப்போச்சு மாமான்னு சொல்லிட்டா. சரின்னு வைக்கப் போனேன். அவ வைக்க விடல. அக்கா இங்க வந்து நாலாம் நாளே புது மாவு எழுப்பிட்டாங்க மாமா, தினம் காலையில ஆப்பம்தான், பக்கத்து வீட்டுல எல்லாம் வந்து வாங்கிட்டுப் போறாங்க, அப்படியே உங்க வீட்டு ருசின்னு சொன்னா. பரிமளம் பின்னால பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டுச்சு. போன்கிட்ட வரல.

நான் போனை வெச்சுட்டு உக்கார்ந்து யோசிச்சேன். நீங்களும் யோசிங்க. ஈப்போ அரிசி வேற. தேங்காய் வேற. தண்ணி வேற. ஜாடி வேற, வீடு வேற, காத்து வேற. ஆனா ருசி அதே ருசி. அப்ப மாறாதது என்ன?

அதேதான். அவ கை. நீங்க பட்டுன்னு சொல்லிட்டீங்க, எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. பொம்பளைங்க பேச்சுன்னு நினைக்காதீங்க, இது அறிவியல். ரொட்டி சுடுறவங்க கையில இருக்குற உயிரும் அவங்க மாவுல இருக்குற உயிரும் ஒண்ணா இருக்குன்னு எங்கயோ படிச்சிருக்கேன். ஒவ்வொருத்தர் தோலும் ஒரு தோட்டம் மாதிரி. பத்தொம்பது வருஷமா அவ அந்த ஜாடிக்குக் கொடுத்தா, ஜாடி அவளுக்குக் கொடுத்துச்சு. நான் பிளீச் ஊத்தினதுல பாதிதான் அழிஞ்சிருக்கு. மீதிப் பாதி பஸ் ஏறி ஈப்போவுக்குப் போயிடுச்சு.

அதுக்குத்தான் இந்தப் பஞ்சுக்குச்சி. உள்ளங்கையில ஒண்ணு, விரலிடுக்குல ஒண்ணு, நகத்தடியில ஒண்ணு. கையைப் பிடிச்சு லேசா ஒத்தி எடுக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

என்ன கேக்குறீங்க? அவ எழுப்பின மாவையே கொஞ்சம் வாங்கிட்டு வந்துடலாமேன்னா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா மாவு போதாது தங்கச்சி. கொண்டு வந்தா பத்து நாளைக்கு இருக்கும், அப்புறம் என் கரண்டிக்கு மாறிடும். குச்சியில எடுக்குறதும் அப்படித்தான், ஒரு மாசம் வரும். அந்த வாசனை நிலைக்கணும்னா தினம் அந்தக் கை படணும். அது அங்க இருந்துக்கிட்டு இங்க ஜாடி நிலைக்காது. இதுல ஆசாபாசம் ஒண்ணும் இல்ல, நுண்ணுயிர் இயல்பு அது. அதனாலதான் வர்றப்ப ஒரு சீட்டு எடுத்தேன், திரும்பிப் போறப்ப ரெண்டு சீட்டு. ஞாயித்துக்கிழமை காலை பஸ். ஜன்னல் பக்கம் அவளுக்கு, இல்லன்னா வாந்தி வரும்.

அவகிட்ட இன்னும் சொல்லல. விசாலத்துகிட்டயும் சொல்லல. போனாத் திறப்பாளான்னு தெரியல.

மன்னிப்பா? எதுக்கு மன்னிப்பு? சோதனை தப்பாப் போனா யாரும் மன்னிப்புக் கேக்குறதில்ல, திரும்பச் செய்வாங்க. நான் செஞ்சது முறைப்படி சரி. முறைப்படி சரிதான். அப்புறம் ஏன் ஜாடியைத் தூக்கிட்டு வர்றேன்னு கேக்குறீங்க. இது அவளோடது, அவ கவுத்து வெச்சுட்டுப் போன ஜாடி. காலியா வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுவா.

இந்தாங்க, ஒரு உதவி. நீங்க மோந்து பாருங்க. நான் இதை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினேன், புளி போட்டுக் கழுவினேன், நாலு நாள் வெயில்ல காய வெச்சேன். எனக்குப் பிளீச் வாசனை தெரியல. என் மூக்கை நம்ப முடியாது. வீட்டுல மூக்குன்னா அவ மூக்குதான், அவதான் நாலு ஜாடியையும் சரியாச் சொன்னா. நல்லா உள்ள விட்டுப் பாருங்க.

இன்னும் வருதா?

லேசாவா. சரி. கொடுங்க. அப்ப அவளுக்குக் கண்டிப்பாத் தெரியும்.

எங்க வந்திருக்கோம்? தாப்பாவா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். தங்கச்சி, நீங்க ஒரு பொம்பளை, உங்ககிட்ட கேக்குறேன். கதவைத் திறந்ததும் எடுத்த எடுப்புல கையைக் காட்டுன்னு சொன்னா நல்லா இருக்காது இல்ல? நானும் அதைத்தான் யோசிச்சேன். நோட்டுல வரிசைப்படி எழுதி வெச்சிருக்கேன், பதட்டத்துல மறந்துடுவேன்னு. இருபத்தேழாம் பக்கம். ஜாடியைக் கொடுக்குறது மூணாவது. குச்சி அஞ்சாவது, அதை வேணும்னா அடிச்சுடலாம். முதல் வரியை மட்டும் படிச்சுட்டுச் சொல்லுங்க, இது சரியா இருக்குமான்னு. கண்ணாடி இல்லாமலே தெரியும், பெருசாத்தான் எழுதியிருக்கேன்.

ஆமா. 'சாப்பிட்டியா'ன்னுதான் எழுதியிருக்கு.